உப்பளத்துக்கு எந்த ஸ்கோப்?

(பறவை ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வலசைப் பறவைகள் வந்திறங்கத் தொடங்கும் செப்டம்பரில் என் தொலைபேசிக்கும் ஒரு கேள்வி வந்திறங்கும். “சார், ஸ்கோப் வாங்கலாம்னு இருக்கேன். அறுபத்தஞ்சு போதுமா, எண்பதுதான் எடுக்கணுமா?” கேட்பவர் பெரும்பாலும் எண்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார். வீட்டில் சொல்ல ஒரு சிபாரிசு வேண்டும், அவ்வளவுதான். நான் அறுபத்தைந்து என்பேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இருக்காது.

அந்தப் பதிலுக்கு என்ன காரணம் என்று விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன். அவையில் 85, 95 வைத்திருக்கும் மூத்த நண்பர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களோடு சண்டைக்கு வரவில்லை. உங்கள் ஸ்கோப்புகள் வழியாக நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், நன்றியும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கோடியக்கரை, பழவேற்காடு, பள்ளிக்கரணை, தனுஷ்கோடி என்று அலைகிற ஒருவர், சொந்தக் காசில் ஒரே ஒரு ஸ்கோப் வாங்குவதானால், பெரிய லென்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதிக்கு மேல் நம் வெயிலிலேயே ஆவியாகிவிடும் என்பது என் கட்சி.

புதியவர்களுக்காக ஒரு நிமிடம். ஸ்கோப் என்பது முக்காலியில் வைத்து ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. அதன் உடலில் 20-60×80 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு எண்கள் உருப்பெருக்கம்: 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை ஜூம் செய்யலாம். கடைசி எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். கடையில் கிடைப்பவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். 50, 55 என்பவை சிறியவை. 60, 65 நடுத்தரம். 80, 85, 88 பெரியவை. அதற்கு மேல் ஸ்வரோவ்ஸ்கியில் 95, 115 என்றும் கோவாவில் 99 என்றும் போகிறது. அங்கெல்லாம் விலை லட்சங்களில் பேசப்படும். விற்பவர் முதல் இரண்டு எண்களைத்தான் உரக்கச் சொல்வார். ஒளி எவ்வளவு வரும், எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதை நிர்ணயிப்பது கடைசி எண்.

ஒளியை முதலில் எடுத்துக்கொள்வோம். லென்ஸ் வாங்கும் ஒளி அதன் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80ஐ 80ஆல் பெருக்கினால் 6400. 65ஐ 65ஆல் பெருக்கினால் 4225. அதாவது எண்பது ஒன்றரை மடங்கு ஒளியை உள்ளே வாங்குகிறது. கணக்கில் தவறே இல்லை. வாங்கிய ஒளி முழுவதும் உங்கள் கண்ணுக்குள் போகிறதா என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஸ்கோப்பை முக்காலியில் வைத்து, 20 மடங்கில், ஓரடி பின்னால் நின்று கண்ணருகு லென்ஸைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு தெரியும். ஸ்கோப் உங்களுக்குத் தருவதெல்லாம் அந்தப் பொட்டின் வழியாகத்தான் வருகிறது. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் பொட்டின் அளவு கிடைக்கும். எண்பதில் 4 மில்லிமீட்டர், அறுபத்தைந்தில் 3.25, ஐம்பதில் 2.5. இனி உங்கள் கண்ணுக்கு வாருங்கள். இருட்டில் இளைஞர்களின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். உச்சி வெயிலில், அதுவும் வெள்ளை வெளேரென்ற உப்பளத்தின் நடுவே, அது 2 அல்லது 3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். 3 மில்லிமீட்டர் வாசலில் 4 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை வந்து நின்றால் மீதி என்ன ஆகும்? பாவையைச் சுற்றியுள்ள படலத்தின் மேல் விழுந்து வீணாகும். காசு கொடுத்து வாங்கிய ஒளி அது.

அப்படியானால் பெரிய ஸ்கோப்பை எல்லோரும் ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்? புகழ்பவர்கள் எங்கே நின்று எழுதுகிறார்கள் என்று பாருங்கள். நாம் படிக்கும் மதிப்புரைகளில் பெரும்பகுதி இங்கிலாந்திலும் வட ஐரோப்பாவிலும் எழுதப்படுகிறது. டிசம்பர் கடைசியில் லண்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும். அதே நாளில் கோடியக்கரையில் 56 பாகை. அங்கே சூரியன் மறைந்த பிறகு அந்திவெளிச்சம் ஏறத்தாழ 40 நிமிடம் நீளும். நமக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் விளக்கை அணைத்தது போல ஆகிவிடும். மங்கல் வெளிச்சத்திலேயே பாதி நாளைக் கழிப்பவருக்கு 85 தேவைதான். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய வானத்தைச் சொல்கிறார்.

இங்கே ஒருவர் எழுந்து நியாயமாகவே கேட்கலாம்: “20 மடங்கில் சரி. ஜூமை ஏற்றினால்?” 60 மடங்குக்கு ஏற்றினால் எண்பதில் பொட்டு 1.3 மில்லிமீட்டர், அறுபத்தைந்தில் 1.1. இரண்டுமே கண்பாவையைவிடச் சிறியவை. அப்போது எண்பதின் ஒன்றரை மடங்கு ஒளி முழுவதும் பயன்படும், உண்மை. ஆனால் நம் கடற்கரையில் ஒரு நாளில் எத்தனை நேரம் 60 மடங்கில் பார்க்க முடிகிறது? இந்த இடத்தில்தான் கானல் வருகிறது. இன்றைய பேச்சின் நடுப்பகுதியே அதுதான்.

கோடியக்காட்டு உப்பளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறே முக்கால். வரப்பில் ஸ்கோப் நிற்கிறது. 250 மீட்டர் தள்ளி, பாத்தியின் ஓரத்தில் கொசு உள்ளான் கூட்டம். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். 20 மடங்கில் தையல் இயந்திரத்தின் ஊசி மாதிரி அலகு ஏறி இறங்குவது தெரிகிறது. 40 மடங்கில் முதுகிறகின் வெளிர் ஓரம் தெரிகிறது. 60 மடங்கில் காலில் ஒட்டிய சேறுகூடத் தெரிகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். மணி ஒன்பதரை. வரப்பும் அதேதான், பறவைகளும் அதேதான். 60 மடங்கில் கண்ணை வைத்தால் பறவை நெளிகிறது. அலகு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. கால்கள் இருக்கின்றன, மறுநொடி இல்லை. ஃபோகஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி விரல்தான் வலிக்கும். இன்றைக்கு ஸ்கோப் சரியில்லை என்று பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பார்.

ஸ்கோப் சரியாகத்தான் இருக்கிறது. வெயிலில் தரை சூடாகிறது. அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று இறங்குகிறது. சூட்டுக்குச் சூடு காற்று ஒளியை வளைக்கும் அளவு மாறுகிறது. 250 மீட்டர் தூரம் தரையை ஒட்டியே வரும் ஒளி, இப்படி ஆயிரம் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நம்மிடம் வந்து சேர்கிறது. இதை எந்த லென்ஸாலும் திருத்த முடியாது. ஸ்கோப் பறவையைப் பெரிதாக்கும்போது கலங்கிய காற்றையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. பெரிய லென்ஸ் இன்னும் அகலமான காற்றுத்தூணின் வழியாகப் பார்ப்பதால் அதற்குச் சலுகை ஏதும் கிடையாது. சில நாள் சின்ன லென்ஸைவிட அதிகமாகவே குழம்பும்.

அப்போது அனுபவமுள்ளவர் என்ன செய்வார்? ஜூமை 25, 30க்கு இறக்கிவிடுவார். 25 மடங்கில் அறுபத்தைந்தின் பொட்டு 2.6 மில்லிமீட்டர், 30இல் 2.2. வெயிலில் சுருங்கிய கண்பாவைக்கு அது ஏறக்குறைய முழுச் சாப்பாடு. ஆக, கானல் நம்மை எந்த உருப்பெருக்கத்துக்கு விரட்டுகிறதோ, அந்த இடத்தில் எண்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது. என் முழு வாதமும் இந்த ஒரு வாக்கியம்தான்.

கானலைச் சமாளிக்கச் சில வழிகள் உண்டு. விடிந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் நுணுக்கமான வேலையை முடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த தரைக்கு மேலாகப் பார்ப்பதைவிடத் தண்ணீர்ப் பரப்பின் மேலாகப் பாருங்கள். கண்காணிப்புக் கோபுரம் இருந்தால் ஏறிவிடுங்கள். பார்வைக்கோடு தரையைவிட்டு எழும்பினாலே படம் பாதி தெளியும். வெயிலில் நின்ற காரின் பானட் மேலாகப் பார்க்கவே பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மேகமூட்டமான நாளைத் தேடிப் போங்கள். வடகிழக்குப் பருவமழை இடைவெளி விட்ட நாளில், வானம் மூடியிருக்கும்போது, பகல் முழுவதும் காற்று அசையாமல் நிற்கும். அப்படிப்பட்ட நாளில் 85 வைத்திருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்று அவர் ராஜா. நான் அவர் பின்னால் வரிசையில் நிற்பேன்.

அந்த ராஜாவுக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய லென்ஸ் உண்மையிலேயே வெல்லும் இடம் காலில் கட்டிய கொடி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறது. அலுமினிய வளையத்தின் எண்ணைத் தூரத்திலிருந்து படிக்க முடியாது. அதனால் நிறக்கொடிகள் வந்தன, பிறகு எழுத்துப் பொறித்த கொடிகள் வந்தன. அந்த எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோடும் இடைவெளியும் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 0.8 மில்லிமீட்டர். 100 மீட்டரில் இந்த 0.8 மில்லிமீட்டர் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் 1.65 விகலை. ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பிரிக்கிறோமே, அந்த விகலை.

ஒரு லென்ஸ் எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு, இரட்டை விண்மீன்களை ஆராய்ந்த வில்லியம் டாஸ் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கணக்குச் சொன்னார். 116ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் விகலையில் விடை வரும். ஐம்பதுக்கு 2.3. அறுபத்தைந்துக்கு 1.8. எண்பதுக்கு 1.45. இப்போது 1.65ஐ இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசையாத காற்றில் எண்பது அந்த எழுத்தைப் படித்துவிடும், அறுபத்தைந்து விளிம்பில் நின்று தடுமாறும், ஐம்பதால் முடியாது. எண்பது 100 மீட்டரில் படிப்பதை அறுபத்தைந்து 80 மீட்டரிலும், ஐம்பது ஏறத்தாழ 60 மீட்டரிலும்தான் படிக்கும். உள்ளான்கள் விடுமா? 60 மீட்டர் வரை போகும்போதே பாதிக் கூட்டம் எழுந்துவிடும். ஒவ்வொரு முறை எழும்போதும், திரும்பிப் பறக்கச் சேர்த்துவைக்கும் கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. ஸ்கோப் வைத்திருப்பதே கிட்டே போகாமல் இருக்கத்தானே. எனவே கொடி படிப்பதே உங்கள் முதன்மை வேலை, விடியலிலேயே களத்தில் நிற்பீர்கள் என்றால், 80 அல்லது 85 வாங்குங்கள். என் பேச்சைக் கேட்காதீர்கள்.

கரண்டிமூக்கு உள்ளானைத் தேடுபவர்களுக்கு இதே விதி பொருந்துமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடந்த நூற்றாண்டில் கோடியக்கரையில் பதிவான பறவை. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் இனப்பெருக்கம் செய்வது. இன்று உலகிலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. கூட்டம் கூட்டமான கொசு உள்ளான்களுக்கு நடுவே அப்படி ஒன்று இருக்குமா என்று தேடுவது, இங்கே பலருக்கும் உள்ளூர ஒரு கனவு. அதன் அலகு நுனி அகலம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். 200 மீட்டரில் அது 10 விகலை. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸே தாராளமாகக் காட்டிவிடும். அங்கே சிக்கல் நுணுக்கத்தில் இல்லை, தேடலில் இருக்கிறது. ஒரு பறவையும் விடாமல் கூட்டத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு அகலமான காட்சிப்பரப்பு வேண்டும். ஜூமைக் கூட்டக் கூட்டக் காட்சிப்பரப்பு சுருங்கும். 20 மடங்கில் தெரிந்த அகலத்தில் ஏறத்தாழ பாதிதான் 60இல் தெரியும். அகலக்கோண கண்ணருகு லென்ஸ் ஒன்றில் 25, 30 மடங்கில் நிதானமாகத் துழாவுகிறவருக்குத்தான் அந்தப் பறவை கிடைக்கும்.

இனி தோளுக்கு வருகிறேன். பெரிய ஸ்கோப் இரண்டு கிலோவைத் தொடும். அதைத் தாங்கும் முக்காலியும் தலையும் இரண்டரை, மூன்று கிலோ. ஆக ஐந்து கிலோ. சொந்தக் காரில் போய் வரப்பு ஓரத்தில் இறங்குகிறவருக்கு இது ஒன்றுமில்லை. வேதாரண்யத்தில் பேருந்து மாறி, கோடியக்கரையில் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவருக்கு மதியத்துக்குள் தெரிந்துவிடும். பெரிய ஸ்கோப் வாங்கிய பலர் இரண்டாம் பருவத்தில் அதை அலமாரியில் வைத்துவிட்டு பைனாகுலரோடு வருவதைப் பார்க்கிறேன். அலமாரியில் இருக்கும் 95ஐவிடக் களத்தில் இருக்கும் 50 அதிகமாகக் காட்டும். நிக்கானின் பழைய ஐம்பது மில்லிமீட்டர் ஸ்கோப்பின் உடல் அரைக் கிலோகூட இல்லை. கோவாவின் 55 ஃப்ளோரைட் லென்ஸோடு வருகிறது. இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போனதே தெரியாது. பேருந்திலும் ரயிலிலும் சுற்றுகிற கல்லூரி மாணவர்கள் சிறியதை வாங்கினால் நான் குறை சொல்லமாட்டேன். பழவேற்காட்டிலும் முத்துப்பேட்டையிலும் படகேறிப் பார்ப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், ஸ்கோப்பே வேண்டாம். ஆடும் படகில் எந்த அளவு ஸ்கோப்பும் சுமைதான்.

முக்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்வேன். லட்ச ரூபாய் ஸ்கோப்பை இரண்டாயிரம் ரூபாய் முக்காலியில் வைப்பது, கோயில் தேரை மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஏற்றுவது மாதிரி. 40 மடங்கில் பார்த்தால் நடுக்கமும் 40 மடங்கு. கடற்காற்று விடாமல் அடிக்கும் தனுஷ்கோடியில், பெரிய ஸ்கோப்பின் பருத்த உடல் காற்றைப் பாய்மரம்போல் வாங்கும். அறுபத்தைந்தில் மிச்சப்படும் பணத்தை நல்ல முக்காலியிலும், வழுக்கிச் சுழலும் வீடியோ தலையிலும் போடச் சொல்வது இதனால்தான். காற்று அதிகமானால் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை விரித்து, உட்கார்ந்து பாருங்கள்.

விட்டத்தைவிடக் கண்ணாடியின் தரம் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஒரே விலையில் சாதாரணக் கண்ணாடி 80ம், நிறக்கசிவைக் குறைக்கும் இ.டி. கண்ணாடி 65ம் இருந்தால் யோசிக்காமல் 65ஐ எடுங்கள். கடைக்கு வெளியே கொண்டுவந்து, செல்போன் கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பாருங்கள். வெளுத்த வானத்துக்கு எதிரே கறுப்புப் பறவை. இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. காக்கையின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு தெரிகிறதா? ஜூமை முழுவதும் ஏற்றி ஃபோகஸைத் திருப்பினால், ஓரிடத்தில் வந்து சட்டென்று நிற்கிறதா, இல்லை இங்கேயா அங்கேயா என்று உங்களையே கேட்கிறதா? மழுப்புகிற ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே மாடலில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று சுமாராகவும் இருக்கும்; ஆகவே கையில் வாங்கிய அந்த ஸ்கோப்பையே சோதிக்க வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடே பாருங்கள், காட்சியின் ஓரம் வெட்டுப்படாமல் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று.

வயதில் மூத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. வெளிச்சப்பொட்டு ஒரு மில்லிமீட்டரை நெருங்கும்போது, கண்ணுக்குள் மிதக்கும் தூசியும் நூலும் காட்சியில் வந்து நீந்தும். பறவை மேல் பூச்சி பறக்கிறது என்று நினைப்போம். அது நம் கண்ணுக்குள்ளேயே இருப்பது. ஐம்பது மில்லிமீட்டர் ஸ்கோப்பை 45 மடங்குக்கு ஏற்றினால் இது நிச்சயம். பெரிய லென்ஸில் தொல்லை சற்றுக் குறைவு. அறுபதைத் தாண்டிய நண்பர் ஒருவர் இந்தக் காரணத்துக்காகவே 85க்கு மாறினார். முக்காலியைத் தூக்க அவருக்கு ஒரு பேரன் இருக்கிறான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கோ மன்றத்துக்கோ வாங்குபவர்கள் அளவை முடிவு செய்வதற்கு முன், சாய்ந்த கண்ணருகு லென்ஸ் உள்ளதா என்று பாருங்கள். நேராகப் பார்க்கும் ஸ்கோப்பில் ஆசிரியருக்குச் சரியாக வைத்த உயரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது. ஒவ்வொருவருக்கும் முக்காலியை ஏற்றி இறக்குவதற்குள் பூநாரை பறந்துவிடும். சாய்ந்த மாடலைக் குட்டையாக வைத்தால் உயரமானவர் குனிந்துகொள்வார், பிள்ளைகள் நின்றபடியே பார்ப்பார்கள். முப்பது பிள்ளைகள் மாறி மாறிப் பார்க்கும்போது கண்ணருகு லென்ஸில் எண்ணெயும் மையும் ஏறும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய ஸ்கோப் வாங்குபவர்களுக்கு. முதல்தரமான பழைய அறுபத்தைந்து, சுமாரான புதிய எண்பதின் விலைக்குக் கிடைத்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன். ஆனால் கடற்கரை ஊர்களில் புழங்கிய கருவியில் இரண்டு எதிரிகள் இருக்கும்: உப்பும் பூஞ்சையும். ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பும்போது மணல் நெறிபடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பிறகு முன் லென்ஸின் வழியாக டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. பூச்சை அரித்திருக்கும், துடைத்தால் போகாது, உள்ளே திறந்து சரிசெய்யும் செலவு விலையை மிஞ்சும். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்லது கிடைத்தால், ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் உப்பை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். தோல் பையிலேயே மூடி வைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் பூஞ்சை உங்கள் வீட்டிலேயே பிடிக்கும்.

இனி கேள்விகள் கேட்கலாம். 95 வைத்திருப்பவர்கள் முதலில்.